அடுத்தவர் வாசலில் விருந்தினராய்

(லூக்கா 7:1-10)



கப்பர்நாகும் ஊரில் இருந்த உரோமை நூற்றுவர் தலைவரை நாம் எல்லாரும் அறிவோம். அவருடைய பணியாளர் சாகும் நிலையில் கிடந்தார். அவரை நலமாக்க வேண்டுமென்று இயேசுவிடம் கேட்க யூதரின் மூப்பர்களை அவர் அனுப்பினார். அந்த மூப்பர்கள் இயேசுவிடம் அவரைப் பற்றி ஒரு நற்சான்று சொன்னார்கள்: இவர் நம் மக்கள்மீது அன்பு கொண்டவர், நமக்குத் தொழுகைக்கூடம் கட்டித் தந்தவர். லூக்கா இதை ஒரே வசனத்தில் சொல்லி முடித்துவிடுகிறார். நாமும் வேகமாகக் கடந்து போய்விடுகிறோம். சற்று நின்று பார்ப்போம். அவர் யூதர் அல்லர். வேறொரு நாட்டின் படையில் பணிபுரிந்தவர். அப்படிப்பட்டவர், தமக்கு அந்நியமான ஒரு மக்கள் கூடிச் செபிப்பதற்கு ஓர் இடம் கட்டித் தந்திருக்கிறார். இத்தகைய நம்பிக்கையை இஸ்ரயேலரிடத்திலும் தாம் கண்டதில்லை என்று இயேசு வியந்து சொன்னது இவரைப் பற்றித்தான்.

கல்லூரிகள் திறந்திருக்கும் இந்த நாள்களில் இந்த மனிதரை நினைத்துக்கொள்ள ஒரு காரணம் உண்டு. நம் பிள்ளைகளில் பலர் இன்று சமயங்களைப் பற்றிய பாடம் ஒன்றைப் படிக்கிறார்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில், குறிப்பாக அமெரிக்காவில், உலக சமயங்கள் என்னும் பாடம் எடுக்கும் மாணவர் பலருக்கு ஒரு கட்டாயப் பணி உண்டு. தனக்குப் பழக்கமில்லாத ஒரு வழிபாட்டுக்கு நேரில் போக வேண்டும். தொடக்கம் முதல் முடிவு வரை இருந்து பார்க்க வேண்டும். பார்த்ததை எழுதித் தர வேண்டும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சமயவியல் பேராசிரியராகப் பணியாற்றிய டயானா எக், மெதடிஸ்டு கிறிஸ்தவர். காசியைப் பற்றி ஆழ்ந்து ஆய்வு செய்தவர். 1991-இல் அவர் தம் மாணவர்களைத் தம் தம் ஊர்களுக்கே அனுப்பி, அங்குள்ள கோவில்களையும் பள்ளிவாசல்களையும் குருத்துவாராக்களையும் போய்ப் பார்த்துவரச் செய்தார். தம் அண்டை வீட்டார் யார் என்பதை அந்த மாணவர்கள் அப்படித்தான் தெரிந்துகொண்டார்கள்.

நம் தருமபுரியில் நிலைமை வேறு. இங்கே அண்டை வீட்டார் யாரென்று தெரிந்துகொள்ளப் பாடம் தேவையில்லை. பொங்கலுக்கு ஒரு வீட்டிலிருந்தும், ரம்சானுக்கு ஒரு வீட்டிலிருந்தும், கிறிஸ்மசுக்கு நம் வீட்டிலிருந்தும் தூக்குப் பாத்திரங்கள் தெருவைக் கடந்து போய்வருகின்றன. ஆனால் அந்தப் பாத்திரம் போகும் வீட்டார் எப்படிச் செபிக்கிறார்கள், செபிக்கும்போது என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டால் நம்மில் பலருக்குப் பதில் தெரியாது. பலகாரம் பழக்கமாகிவிட்டது, பக்தி பழக்கமாகவில்லை.

அதனால்தான், மகனோ மகளோ வீட்டுக்கு வந்து, "பாடத்துக்காக வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குப் போகணும்மா" என்றோ, "கோவிலில் சாயந்தரப் பூசை பார்க்கணும்" என்றோ சொல்லும்போது தாய்மாருக்கு வயிற்றைக் கலக்குகிறது. "போனால் பாவமாகாதா, சாமி? பிள்ளை மனசு மாறிப்போனால் என்ன செய்வது? போகாவிட்டால் மார்க் போய்விடுமே?" இவை ஏளனம் செய்து ஒதுக்கக்கூடிய கேள்விகள் அல்ல. தாத்தா பாட்டி காலத்திலிருந்து காத்துவந்த விசுவாசத்தைப் பிள்ளை கையில் பத்திரமாகக் கொடுக்க நினைக்கும் ஒரு தாயின் கேள்விகள் அவை.

இதே போன்ற அச்சத்தோடு ஒருவர் இறைவாக்கினர் எலிசாவின் முன் நின்றார். சிரியா நாட்டுப் படைத்தலைவர் நாமான். யோர்தானில் ஏழு முறை மூழ்கித் தொழுநோய் நீங்கப் பெற்றவர். இனி இஸ்ரயேலின் ஆண்டவரைத் தவிர வேறு எவருக்கும் பலி செலுத்துவதில்லை என்று உறுதி எடுத்துக்கொண்டார். ஆனால் ஊர் திரும்பினால் ஒரு சிக்கல் காத்திருந்தது. அவருடைய அரசர் ரிம்மோன் கோவிலுக்குப் போவார். இவர் கையில் சாய்ந்துகொண்டுதான் போவார். அரசர் தலைவணங்கும்போது இவரும் குனிய வேண்டியிருக்கும். அதை ஆண்டவர் மன்னிப்பாரா என்று நாமான் கேட்டார். எலிசா அவரைக் கடிந்துகொள்ளவில்லை; பதவியை விட்டுவிடு என்றும் சொல்லவில்லை. அமைதியோடு போகச் சொல்லி அனுப்பிவைத்தார். (2 அரசர்கள் 5).

நாமானின் நிலையும் நம் மாணவரின் நிலையும் ஒன்றல்ல. ஆயினும் எலிசா கண்ட ஓர் உண்மை இரண்டுக்கும் பொருந்தும். கடவுள் பார்ப்பது உள்ளத்தை. உள்ளம் யாருக்கு உரியது என்பதில் தெளிவு இருந்தால், கால் எந்த வாசலில் நிற்கிறது என்பது குறித்து நடுங்கத் தேவையில்லை.

பிரியமானவர்களே, இன்னொரு பக்கத்தையும் பார்ப்போம். இதுவரை யார் யாருடைய வாசலுக்கு வந்திருக்கிறார்கள்? 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கிப் பின்னர் திருச்சிக்கு வந்த தூய வளனார் கல்லூரி, 1925-இல் சென்னையில் தொடங்கிய இலயோலா கல்லூரி, நமக்கு அருகே திருப்பத்தூரில் சலேசிய சபையார் 1951-இல் தொடங்கிய தூய நெஞ்சக் கல்லூரி ஆகியவற்றிலும் நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களிலும் தலைமுறை தலைமுறையாக இந்துப் பிள்ளைகளும் இசுலாமியப் பிள்ளைகளும் படித்து வருகிறார்கள். நம் செபத்தோடு வகுப்பு தொடங்கும்போது எழுந்து நிற்கிறார்கள். நம் கிறிஸ்மஸ் விழாவில் சூசையப்பராகவும் இடையராகவும் வேடம் போடுகிறார்கள். தூய வளனார் கல்லூரியில் படித்த அப்துல் கலாம் அவர்கள் தொழுகையை விட்டுவிடவில்லை. குடியரசுத் தலைவரான பின்பும் தம்மை உருவாக்கிய ஆசிரியர்களை நன்றியோடு நினைவுகூர்ந்தார். அவர் பிறந்த இராமேசுவரத்தில் அவருடைய தந்தையும் பெரிய கோவிலின் தலைமைக் குருக்களும் நெருங்கிய நண்பர்கள். இருவரும் ஆன்மிகம் பேசுவதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை அவர்.

வேளாங்கண்ணித் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். அங்கே மெழுகுதிரி ஏற்றும் கைகளில் எத்தனை கைகள் கத்தோலிக்கக் கைகள்? நம் ஊர்ச் சப்பரம் தெருவில் வரும்போது வாசல் தெளித்துக் கோலம் போட்டு வரவேற்பவர்கள் நம்மவர்கள் மட்டுமா? ஆக, நெடுங்காலமாக நாம் விருந்து வைப்பவர்களாகவே இருந்து வந்திருக்கிறோம். அடுத்தவர் நம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, எப்போது எழ வேண்டும், எப்போது முழந்தாளிட வேண்டும் என்று தெரியாமல் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார். அந்தத் தயக்கத்தையும் அந்த மரியாதையையும் உள்ளிருந்து உணர்வதற்கு நம் பிள்ளைகளுக்கு இப்போது ஒரு வாய்ப்பு வருகிறது. விருந்தினராகப் போய்ப் பார்த்தவருக்கே விருந்தினரை எப்படி நடத்த வேண்டும் என்று தெரியும்.

தம் சீடர்களை அனுப்பியபோது ஆண்டவர் இதைத்தான் செய்தார். பையும் பணமும் இல்லாமல் போகச் சொன்னார். எந்த வீட்டுக்குள் போனாலும் முதலில் அந்த வீட்டுக்கு அமைதி உண்டாக வாழ்த்தச் சொன்னார். வைத்ததை உண்ணச் சொன்னார் (லூக்கா 10). வீட்டுக்காரராக அல்ல, விருந்தினராகத்தான் அவர்கள் போனார்கள்.

திருச்சபையும் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்து நம் தருமபுரி மாவட்டம் உருவாயிற்று. அதே மாதம் 28-ஆம் நாள், உரோமையில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவமல்லாத சமயங்களைப் பற்றிய அறிக்கையை வெளியிட்டது. 2,221 பேர் ஆதரித்து வாக்களித்தார்கள். 88 பேர் எதிர்த்தார்கள். ஐந்தே பத்திகள் கொண்ட சிறிய ஏடு அது. பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாக இருக்கும் எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று அது கற்பிக்கிறது. அதே மூச்சில், கிறிஸ்துவே வழியும் உண்மையும் வாழ்வும் என்பதை இடைவிடாமல் அறிவிக்கும் கடமை நமக்கு உண்டு என்றும் சொல்லுகிறது. விவேகத்தோடும் அன்போடும் மற்றவரோடு உரையாட வேண்டும், நம் விசுவாசத்துக்குச் சாட்சியாகவும் இருக்க வேண்டும் என்று இரண்டையும் சேர்த்தே கேட்கிறது. ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிட நமக்கு உரிமை இல்லை.

இந்தப் போதனையைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் நடந்து காட்டினார். 2001 மே 6-ஆம் நாள் சிரியா நாட்டின் தமஸ்கு நகரில் உமையாது பெரிய பள்ளிவாசலுக்குள் அவர் நுழைந்தார். பள்ளிவாசலுக்குள் சென்ற முதல் திருத்தந்தை அவரே. வயது முதிர்ந்து, நடையும் தளர்ந்திருந்த அவர், வாசலில் காலணியைக் கழற்றினார். திருமுழுக்கு யோவானின் நினைவிடம் அந்தப் பள்ளிவாசலுக்குள்ளேயே இருக்கிறது. அங்கே அமைதியாக நின்றார். அவர் கிறிஸ்தவராகத்தான் உள்ளே போனார். கிறிஸ்தவராகத்தான் வெளியே வந்தார்.

சரி, நம் பிள்ளைகள் போவதென்றால் எப்படிப் போவது? திருத்தூதர் பவுல் ஏதென்சு நகரில் நடந்துகொண்ட முறை நமக்கு நல்ல பாடம். ஊர் நிறைய சிலைகள் இருப்பதைக் கண்டு முதலில் அவர் உள்ளம் கொதித்தது என்று திருத்தூதர் பணிகள் நூல் மறைக்காமல் சொல்லுகிறது. ஆனால் கொதித்த உள்ளத்தோடு அவர் உடனே போதிக்க ஏறிவிடவில்லை. சுற்றி வந்து அவர்களுடைய வழிபாட்டு இடங்களை உற்றுப் பார்த்தார். அறியாத தெய்வத்துக்கு என்று எழுதியிருந்த பலிபீடம் ஒன்றைக் கண்டுபிடித்தார். பின்னர் பேசியபோது அந்த மக்களின் கவிஞர்களையே எடுத்துக் காட்டினார். முதலில் பார்த்தல், பிறகு பேசுதல். இந்த வரிசையை மாற்றாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

ஆகவே மாணவச் செல்வங்களே, மூன்று சிறிய யோசனைகள்.

முதலாவது, கேட்டுக்கொண்டு போங்கள். முன்னதாகவே கோவில் அர்ச்சகரையோ பள்ளிவாசல் நிர்வாகத்தாரையோ பார்த்து, இன்ன பாடத்துக்காக வந்திருக்கிறோம், கிறிஸ்தவர்கள், வழிபாட்டைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். எங்கே உட்காருவது, தலையை மூட வேண்டுமா, பெண்பிள்ளைகளுக்கு இடம் உண்டா என்று அவர்களே சொல்லுவார்கள். சில கோவில்களில் கொடிமரத்துக்கு அப்பால் இந்துக்கள் மட்டும் என்று பலகை இருக்கும். அப்படியானால் கொடிமரத்தருகே நின்று பார்ப்பதே மரியாதை. அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் ஆலயத்திலும் நற்கருணைப் பேழையை எல்லாரும் திறக்க முடியாதல்லவா?

இரண்டாவது, கைப்பேசியைப் பைக்குள் வையுங்கள். ஒருவர் கண்மூடிக் கடவுளிடம் அழுதுகொண்டிருக்கும் நேரம் நமக்குப் படக்காட்சி அல்ல. நம் நற்கருணை ஆராதனையின்போது யாராவது பக்கத்தில் நின்று காணொளி எடுத்தால் நமக்கு எப்படி இருக்கும் என்று நினைத்தால் போதும்.

மூன்றாவது, நடிக்காதீர்கள். நம்பாத ஒன்றை நம்புவதுபோல் காட்டுவது அவர்களுக்கும் நேர்மையல்ல, நமக்கும் நேர்மையல்ல. கைகட்டி அமைதியாக நிற்பதை எந்தச் சமயத்தாரும் தவறாக எண்ணுவதில்லை.

இங்கேதான் பிரசாதத்தைப் பற்றிய கேள்வி எழும். கொரிந்து நகரத்துக் கிறிஸ்தவர்களும் படையலைப் பற்றி இதே கேள்வியைக் கேட்டார்கள். பவுல் முதல் திருமுகத்தின் எட்டாம் அதிகாரத்திலும் பத்தாம் அதிகாரத்திலும் பொறுமையாகப் பதில் சொல்லுகிறார். சிலை என்பது ஒன்றுமில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் படையலில் பங்கெடுப்பது அந்த வழிபாட்டிலேயே பங்கெடுப்பதாகிவிடக் கூடாது என்கிறார். தன் செயலால் இன்னொருவருடைய மனச்சான்று இடறக் கூடாது என்கிறார். எனவே, தட்டை நீட்டுபவரிடம் முகம் சுளிக்காமல், கைகூப்பி, "ஐயா, நாங்கள் கிறிஸ்தவங்க, பார்க்க வந்திருக்கிறோம்" என்று பணிவாகச் சொல்லிவிடலாம். அவர் புரிந்துகொள்வார். நம் திருப்பலிக்கு வரும் இந்து நண்பருக்கு நாம் நற்கருணை வழங்குவதில்லை. அவர்மீது வெறுப்பு இருப்பதால் அல்ல. அது நம் முழு விசுவாசத்தின் அடையாளம் என்பதால். அவரும் அதை அறிந்து, இருக்கையிலேயே அமைதியாக இருந்துவிடுகிறார். அவர் நமக்குக் காட்டும் அதே பெருந்தன்மையை நாம் அவர் கோவிலில் காட்டுவோம்.

இப்படிப் போய் வரும் பிள்ளை வீட்டுக்கு என்ன கொண்டுவரும்? முதலில், நம் சொந்த வீட்டுப் பொருள்கள் சில எங்கிருந்து வந்தவை என்ற அறிவு. மாதா கோவில் என்கிறோம். பெரியவர்கள் திருப்பலியைப் பூசை என்பார்கள். செபம், அருள், குரு, கொடியேற்றம், தேர் எல்லாம் இந்த மண்ணில் ஏற்கெனவே வழங்கிய சொற்கள். 1606-இல் மதுரைக்கு வந்த இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நொபிலி தமிழும் வடமொழியும் கற்று, சிவதருமர் என்னும் அந்தணரிடம் மாணவராக அமர்ந்து, இம்மக்களின் சமயச் சொற்களை ஆழமாகப் படித்தார். பின்னாளில் சேலம் பகுதிக்கும் அவர் வந்திருக்கிறார். இம்மக்கள் கடவுளைக் கூப்பிடும் மொழியிலேயே கிறிஸ்துவை அறிவிக்க முடியும் என்று அவர் நம்பினார். நம் காலத்தில் சென்னையில் அருள்தந்தை இஞ்ஞாசி இருதயம் ஐக்கிய ஆலயம் என்னும் பல்சமய உரையாடல் மையத்தை நிறுவி அதே பாதையில் நடந்தார். தருமபுரியும் பழைய நாளில் பல சமயங்களுக்கு இடம் கொடுத்த ஊர்தான். நொளம்ப அரசர் காலத்துக் கோட்டைக் கோவில் இன்றும் நிற்கிறது. அக்காலத்தில் தகடூரில் சமணப் பள்ளி இருந்ததையும் கல்வெட்டு சொல்லுகிறது.

இரண்டாவதாக, வேறுபாடு எது என்ற தெளிவு. எல்லாச் சாமியும் ஒன்றுதானே என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் உண்மையாகவே ஒரு தொழுகையில் உட்கார்ந்து பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார். பள்ளிவாசலில் உருவம் எதுவும் இல்லை. எல்லாரும் ஒரே திசையை நோக்கித் தோளோடு தோள் சேர்ந்து நின்று குனிகிறார்கள். கோவிலில் திரை விலகும் அந்த ஒரு கணத்துக்காகக் கூட்டமே காத்து நிற்கிறது; தெய்வத்தைக் காண்பதும் தெய்வத்தால் காணப்படுவதும் அங்கே முக்கியம். நம் பீடத்திலோ கடவுள் உடைக்கப்பட்ட அப்பமாகத் தம்மையே உணவாகத் தருகிறார். மூன்றும் மூன்று வேறு நம்பிக்கைகள். வேறுபாட்டை மறைக்காமல் மதிப்பதே உண்மையான மரியாதை. ஒரே கிறிஸ்துவை நம்பும் தென்னிந்தியத் திருச்சபையினரோடும் பெந்தெகொஸ்து சபையினரோடும்கூட நமக்கு ஒற்றுமை எது, வேறுபாடு எது என்பது அவர்கள் வழிபாட்டைப் பார்த்த பிறகே விளங்கும்.

மூன்றாவதாக, தன் விசுவாசத்தைப் பற்றிய கேள்விகள். வெள்ளிக்கிழமை நண்பகலில் கடையைச் சாத்திவிட்டுத் தொழுகைக்கு விரைபவரைப் பார்க்கும் பிள்ளைக்கு, நம் ஊர்க் கோவில் மணியும் நாளுக்கு மூன்று வேளை மூவேளைச் செபத்துக்காக ஒலிக்கிறதே என்ற நினைவு வரும். மாலை போட்டு விரதமிருந்து வெறுங்காலில் நடக்கும் நண்பனைப் பார்த்தால், நம் தவக்காலம் எதற்காக என்ற யோசனை வரும். அங்கே உள்ளவர்களும் சும்மா விடமாட்டார்கள். நீங்கள் ஏன் சிலுவை அடையாளம் போடுகிறீர்கள், உங்கள் பூசையில் அந்தச் சின்ன அப்பம் என்ன என்று கேட்பார்கள். நம் எதிர்நோக்குக்குக் காரணம் கேட்பவருக்கு, பணிவோடும் மரியாதையோடும் விடை சொல்ல ஆயத்தமாய் இருக்க வேண்டும் என்று பேதுரு எழுதியிருக்கிறார். அந்த விடையைத் தேடி மறைக்கல்விப் புத்தகத்தை மீண்டும் எடுக்கும் பிள்ளையின் விசுவாசம் முன்பைவிட ஆழமாகவே வேர் பிடிக்கும்.

ஆகவே பெற்றோரே, பிள்ளை போய்வந்த அன்று இரவு சாப்பிடும்போது, மார்க் எவ்வளவு என்பதற்கு முன், "அங்கே என்ன பார்த்தாய்? யாரிடம் பேசினாய்? நம்மைப் பற்றி என்ன கேட்டார்கள்?" என்று கேளுங்கள். பதில் தெரியாத கேள்விகளைக் குறித்து வைத்துப் பங்குத்தந்தையிடமோ அருள்சகோதரியிடமோ உபதேசியாரிடமோ அழைத்து வாருங்கள். அந்தக் கேள்விகளோடு தனியாக விடப்படும் பிள்ளைதான் தடுமாறும். அடுத்து நம் பங்குத் திருவிழா வரும்போது, நமக்கு இடம் கொடுத்தவர்களை நேரில் போய் அழையுங்கள். வந்தால் முன்வரிசையில் உட்கார வையுங்கள். எப்போது எழுவது, எப்போது அமர்வது என்று பக்கத்தில் இருந்து மெல்லச் சொல்லிக் கொடுங்கள்.

அந்த நூற்றுவர் தலைவரிடம் இன்னொரு செய்தியும் இருக்கிறது. இயேசு அவர் வீட்டை நெருங்கியபோது, தம் வீட்டுக்குள் ஆண்டவர் வரத் தமக்குத் தகுதியில்லை, ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று அவர் நண்பர்கள் வழியாகச் சொல்லி அனுப்பினார். பிரியமானவர்களே, ஒவ்வொரு திருப்பலியிலும் நற்கருணை வாங்குமுன் நாம் எல்லாரும் சேர்ந்து சொல்லும் செபம் அவருடைய வார்த்தைகளிலிருந்து வந்ததுதான். போப்பாண்டவர் முதல் புதுநன்மை வாங்கும் குழந்தை வரை, வேறொரு மக்களிலிருந்து வந்த ஒரு மனிதரின் சொற்களைக் கொண்டுதான் ஆண்டவரை வரவேற்கிறோம். அடுத்தவர் செபிக்க இடம் கட்டிக் கொடுத்தவரின் சொற்களைத் திருச்சபை தன் பீடத்தருகே வைத்துப் போற்றி வருகிறது. வரும் ஞாயிறு அந்தச் செபத்தைச் சொல்லும்போது அவரை நினைத்துக்கொள்வோம். நம் தெருவில் நம்மைப் போலவே தகுதியின்மையை உணர்ந்து கைகூப்பி நிற்கும் மற்றவர்களையும் நினைத்துக்கொள்வோம். அவர்கள் வாசலுக்குப் போகும் நம் பிள்ளைகளை அமைதியோடு அனுப்பிவைப்போம்.

எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார், உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் அடுத்த வீட்டாரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.